நேரம் போதாத மூன்று இறுதிகள்: இடாலிஸ் ஓர்டிஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட் 2, பாரிஸ், ஷான் த மார்ஸ் அரங்கு. அந்த ஒலிம்பிக்கில் ஜூடோவுக்கு இந்தியா அனுப்பிய ஒரே ஆள் துலிகா மான். பெண்கள் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இதே பிரிவில் வெள்ளி வாங்கியவர் என்பதால் நம் ஊடகங்களில் கொஞ்சம் எதிர்பார்ப்பு இருந்தது. முதல் ஆட்டம் 28 நொடியில் முடிந்தது. இப்போன், அதாவது ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் முழு வெற்றி. துலிகா வெளியே.

மறுநாள் செய்திகளில் எதிராளியைப் பற்றி "கியூபா வீராங்கனை" என்று ஒரு வரி இருந்தது. சிலர் "முன்னாள் சாம்பியன்" என்றும் சேர்த்தார்கள். அந்தப் பெண்மணி பீஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ என்று நான்கு ஒலிம்பிக்கில் அடுத்தடுத்துப் பதக்கம் வாங்கியவர், இது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக், அப்போது வயது 34 என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கவில்லை. குலுக்கலில் துலிகாவுக்கு வாய்த்த பெயரைப் பார்த்ததுமே ஜூடோ தெரிந்தவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியது. இடாலிஸ் ஓர்டிஸ். 28 நொடியில் ஆளைச் சாய்க்கத் தெரிந்த இவர் மூன்று முறை ஒலிம்பிக் இறுதிக்குப் போனார். மூன்றிலும் ஆட்டநேரம் போதவில்லை. மூன்றுமே கூடுதல் நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. ஒன்றில் தங்கம், இரண்டில் வெள்ளி. ஏன் இப்படி நடந்தது என்று தோண்டிப் பார்த்தால், அவருடைய கதையோடு சேர்ந்து கனரகப் பெண்கள் ஜூடோவின் கதையும் அதன் விதிப்புத்தகத்தின் கதையும் வெளியே வருகின்றன.

கூடுதல் நேரம் என்றால் என்ன

ஜூடோ பார்த்துப் பழகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிராளியை வேகத்தோடும் பலத்தோடும் தூக்கி, முதுகு நன்றாக மெத்தையில் படும்படி எறிந்தால் இப்போன், ஆட்டம் அங்கேயே முடிந்தது. தரையில் அழுத்திப் பிடித்து வைத்தாலும் இப்போன் கிடைக்கும். முன்பு 25 நொடி பிடிக்க வேண்டியிருந்தது, இப்போது 20. எறிதல் அரைகுறையாக இருந்தால் வசா-ஆரி. நம் ஊர் மல்யுத்தத்தில் "முதுகில் மண் ஒட்டினால் தோல்வி" என்பார்களே, அதே கணக்குதான். இங்கே மண்ணுக்குப் பதில் மெத்தை.

தாக்காமல் ஒதுங்கினாலும், பிடி கொடுக்காமல் நழுவினாலும், போலியாகத் தாக்குவதுபோல் கீழே விழுந்தாலும், எல்லைக்கு வெளியே காலை வைத்தாலும் ஷிடோ என்ற அபராதம் விழும். நேரம் முடியும்போது இருவரும் சமமாக இருந்தால் கோல்டன் ஸ்கோர் என்ற கூடுதல் நேரம். அதில் முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றியாளர்.

கேட்பதற்கு எளிது. ஆனால் 'அபராதத்துக்கு என்ன மதிப்பு', 'கோல்டன் ஸ்கோரும் சமமாக முடிந்தால் என்ன' என்ற இரண்டு கேள்விகளுக்கும் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு சொன்ன பதில் ஓர்டிஸின் காலத்தில் மாறிக்கொண்டே இருந்தது. லண்டன், ரியோ, டோக்கியோ மூன்றிலும் அவர் ஏறியது ஒரே அளவு மெத்தையில்தான், ஆனால் விளையாடிய ஆட்டங்கள் மூன்றும் வேறு வேறு என்றுகூடச் சொல்லலாம்.

வெள்ளிகளின் வாரிசு

ஓர்டிஸ் 1989 செப்டம்பரில் பிறந்தவர். ஊர் கண்டெலாரியா, ஹவானாவுக்கு மேற்கே, இன்றைய அர்தெமிசா மாகாணத்தில் இருக்கிறது. கியூபாவில் விளையாட்டுத் திறமையுள்ள பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கண்டெடுத்து, மாகாண விளையாட்டுப் பள்ளியில் சேர்த்து, அங்கிருந்து தேசிய அணிக்கு ஏற்றிவிடும் அமைப்பு ஒன்று உண்டு. ஜூடோவில் அதன் உச்சி ஹவானாவின் செரோ பெலாதோ பயிற்சி மையம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே பெண்கள் அணியை நடத்தியவர் ரொனால்டோ வெய்தியா. பெருத்த உடல், அதைவிடப் பெருத்த குரல். 2022-இல் அவர் இறந்தபோது கியூபாவுக்கு வெளியேயும் ஜூடோ உலகம் துக்கம் அனுசரித்தது. அவர் கையில் வளர்ந்தவர்களின் பட்டியல் நீளம்: 1992-இல் தங்கம் வென்ற ஒடாலிஸ் ரெவே, 1996-இல் துரூலிஸ் கொன்சாலெஸ், 2000-இல் லெக்னா வெர்டேசியாவும் சிபெலிஸ் வெரானெஸும்.

கனரகப் பிரிவில் மட்டும் கதை வேறு. அங்கே கியூபாவுக்கு ஒரு விசித்திரமான சாபம் இருந்தது. பெண்கள் ஜூடோ முறையான ஒலிம்பிக் போட்டியானதே 1992 பார்சிலோனாவில்தான் (அதற்கு முன் 1988 சியோலில் வெறும் செயல்விளக்கப் போட்டி). அந்த முதல் இறுதியிலேயே எஸ்டெலா ரோட்ரிகெஸ் நின்றார். சீனாவின் ஜுவாங் ஷியாவ்யானிடம் தோற்று வெள்ளி. 1996 அட்லாண்டாவில் மீண்டும் எஸ்டெலா, இந்த முறை சுன் ஃபுமிங்கிடம், மீண்டும் வெள்ளி. 2000 சிட்னியில் டைமா பெல்ட்ரான், யுவான் ஹுவாவிடம் தோற்று வெள்ளி. 2004 ஏதென்ஸில் மறுபடியும் பெல்ட்ரான், ஜப்பானின் மாகி ட்சுகாடாவிடம் தோற்று வெள்ளி.

நான்கு ஒலிம்பிக், நான்கு இறுதி, நான்கு வெள்ளி. மூன்று முறை சீனாவிடமும் ஒரு முறை ஜப்பானிடமும். வேறு நாடாக இருந்தால் இதைப் பொற்காலம் என்று கொண்டாடியிருப்பார்கள். செரோ பெலாதோவில் இதைக் கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதையாகத்தான் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்த அறைக்குள் வந்து நின்ற அடுத்த பெண் ஓர்டிஸ்.

2008 பீஜிங்கில் அவருக்கு 19 வயது நிரம்பவில்லை. வெண்கலம். அந்தத் தங்கம் சீனாவின் டோங் வென்னுக்குப் போனது. இறுதியில் பின்தங்கியிருந்த டோங் வென், கடைசி நொடிகளில் ட்சுகாடாவை எறிந்து உள்ளூர்க் கூட்டத்தைக் கூரைவரை குதிக்க வைத்தார். அந்தக் காலத்தில் இந்தப் பிரிவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த மலை டோங் வென்தான். 2009-இல் அவர் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி இரண்டாண்டுத் தடை பெற்றார். இரண்டாவது மாதிரியைத் திறக்கும்போது அவர் தரப்புக்கு உரிய வாய்ப்பு தரப்படவில்லை என்று சொல்லி 2011-இல் விளையாட்டு நடுவர் மன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆக, 2012-க்குள் மலை திரும்பி வந்துவிட்டது.

லண்டன்: கொடி உயர்ந்த பக்கம்

2012 ஆகஸ்ட் 3, லண்டன் எக்ஸெல் அரங்கு. இறுதியில் ஓர்டிஸுக்கு எதிரே நின்றவர் ஜப்பானின் மிகா சுகிமோட்டோ. 2010 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் கனரகம், எடை வரம்பில்லாத திறந்த பிரிவு இரண்டிலும் தங்கம் வென்றவர். டோங் வென் வெண்கலத்தோடு நின்றுபோயிருந்தார்.

அப்போது பெண்களுக்கும் ஆட்டநேரம் 5 நிமிடம். 5 நிமிடம் ஓடியது, யாரும் முந்தவில்லை. அடுத்து 3 நிமிடக் கோல்டன் ஸ்கோர். அதிலும் ஒன்றும் இல்லை. எட்டு நிமிடம் நூறு கிலோ உடம்பை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்த இருவரும் கடைசியில் சும்மா நின்றார்கள். நடு நடுவரும் மூலையில் உட்கார்ந்திருந்த இரண்டு நடுவர்களும் கொடிகளைக் கையில் எடுத்தார்கள். இதற்கு ஹன்டெய் என்று பெயர். யார் அதிகம் தாக்கினார், யார் ஆட்டத்தை நடத்தினார் என்று மூவரும் அவரவர் மனதில் எடைபோட்டு ஒரே நேரத்தில் நீலமோ வெள்ளையோ உயர்த்த வேண்டும்.

தீர்ப்பு ஓர்டிஸுக்கு வந்தது. இருபது ஆண்டுக் காத்திருப்பு ஒரு கொடி அசைவில் முடிந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1992 முதல் 2008 வரை இந்தப் பிரிவின் ஐந்து ஒலிம்பிக் தங்கங்களும் ஆசியாவுக்குத்தான் போயிருந்தன, சீனாவுக்கு நான்கு, ஜப்பானுக்கு ஒன்று. ஆசியாவுக்கு வெளியே அதை எடுத்துப் போன முதல் பெண் ஓர்டிஸ்.

அதே லண்டனில் ஹன்டெய்க்கு ஏற்கெனவே மானம் போயிருந்தது. ஜூலை 29 அன்று ஆண்கள் 66 கிலோ காலிறுதியில் மூன்று கொடிகளும் கொரியாவின் சோ ஜுன்-ஹோவுக்கு உயர்ந்தன. மேற்பார்வைக் குழு குறுக்கிட்டது. அதே மூன்று நடுவர்கள் மறுபடியும் கொடி உயர்த்தினார்கள், இந்த முறை மூன்றும் ஜப்பானின் எபினுமாவுக்கு. நாட்டாமை தீர்ப்பை மாற்றிச் சொன்ன கதைதான். அடுத்த ஆண்டே ஹன்டெய் விதிப்புத்தகத்திலிருந்து போயிற்று. எனவே ஓர்டிஸின் ஒரே ஒலிம்பிக் தங்கம், அதற்குப் பிறகு வழக்கொழிந்த ஒரு தீர்ப்பு முறையில் கிடைத்த தங்கம்.

இதனால் அதன் மதிப்பு குறையுமா என்று கேட்டால், குறையாது என்பதே என் கட்சி. எட்டு நிமிடம் சுகிமோட்டோவின் கையில் விழாமல் நின்று, நடுவர்கள் கண்ணில் தாக்குபவராகத் தெரிவதும் ஒரு வித்தைதான். அதுவும் அன்றைய விதியில் எழுதப்பட்டிருந்த வித்தை. ஓர்டிஸுக்கு அது தெரிந்திருந்தது.

இரண்டு உலகப் பட்டங்கள், ஒரே எதிராளி

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவருடைய உச்சம். 2013 உலகச் சாம்பியன்ஷிப் ரியோ டி ஜெனிரோவில், மரகனாசின்யோ அரங்கில் நடந்தது. இறுதியில் உள்ளூர்ப் பெண் மரியா சுவெலன் அல்தெமன். அரங்கம் முழுக்கப் பிரேசில் கூச்சல், தங்கம் கியூபாவுக்கு. 2014-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கிலும் அதே இறுதி, அதே இருவர், அதே முடிவு.

அல்தெமனை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. உலகத்தில் ஒருவரைத் தவிர எல்லோரையும் தோற்கடிக்க முடிந்தது, அந்த ஒருவர் அதே கண்டத்தில் பிறந்து, அமெரிக்கக் கண்டப் போட்டிகளிலும் எதிரே வந்து நின்றார். பான் அமெரிக்க விளையாட்டுகளில் 2011 குவாதலஹாரா, 2015 டொராண்டோ, 2019 லிமா மூன்றிலும் தங்கம் ஓர்டிஸுக்குத்தான்.

கியூபாவுக்கு இந்தக் கண்டப் போட்டிகள் வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. 2009-இல் உலகத் தரவரிசை வந்த பிறகு, ஒலிம்பிக்குக்குப் போகவும் அங்கே நல்ல குலுக்கல் கிடைக்கவும் புள்ளிகள் வேண்டும். புள்ளி வேண்டுமானால் பாரிஸ், டோக்கியோ, அபுதாபி என்று விமானம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். பணக்கார அணிகள் அப்படித்தான் செய்கின்றன. டாலருக்குத் திண்டாடும் ஒரு தீவு, யாரை எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்று எண்ணித்தான் அனுப்ப முடியும். குறைவான பயணத்தில் நிறையப் புள்ளி கொண்டுவரும் ஒருவர் அந்த அணிக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

ரியோவும் டோக்கியோவும்

2016 ஆகஸ்ட் 12, ரியோ. விதிகள் நிறைய மாறிவிட்டன. மெத்தைமேல் இப்போது ஒரே நடுவர், வெளியே காணொளி பார்க்கும் குழு. எதிராளியின் காலைக் கையால் பிடித்து வாருவது 2010-இல் கட்டுப்படுத்தப்பட்டு 2013-இல் முற்றிலும் தடை. பெண்களுக்கு ஆட்டநேரம் 4 நிமிடம். கோல்டன் ஸ்கோருக்குக் கால வரம்பே இல்லை, யாராவது ஒருவர் உடையும்வரை ஓடும். அந்த விதியில் கூடுதல் நேரத்தில் வாங்கும் ஒரு ஷிடோகூடத் தோல்விக்குப் போதும். எனவே தாக்குவதைவிடத் தவறு செய்யாமல் இருப்பதே பெரிய வேலை.

இறுதியில் எதிரே பிரான்ஸின் எமிலி ஆண்டியோல். பெரிய பட்டங்கள் பார்த்தால் ஓர்டிஸின் பக்கம்தான் தராசு சாய்ந்திருந்தது. 4 நிமிடம் முடிந்தும் தீரவில்லை. கோல்டன் ஸ்கோரில் ஆண்டியோல் வென்றார், வென்றதை நம்ப முடியாமல் குமுறி அழுதார். பிரான்ஸின் தேசிய வீரர் டெடி ரினர் அதே நாளில் ஆண்கள் கனரகத் தங்கம் வென்றார் என்பதால், அந்த மாலை முழுக்கப் பிரெஞ்சு மாலையாகிவிட்டது. ஆண்டியோல் அடுத்த ஆண்டே போட்டிகளிலிருந்து விலகினார். ஓர்டிஸ் வெள்ளியோடு ஹவானாவுக்குத் திரும்பி மறுபடியும் பயிற்சியைத் தொடங்கினார்.

2017, 2018-இல் விதி மீண்டும் மாறியது. யூகோ என்ற சின்னப் புள்ளி போயிற்று. ஒன்றோ இரண்டோ ஷிடோவினால் மட்டும் ஆட்டத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் மூன்றாவது ஷிடோ விழுந்தால் ஹன்சோகு-மகே, அதாவது தகுதி நீக்கம். நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான். எறிந்து ஜெயிக்கட்டும், அபராதத்தை எண்ணி ஜெயிக்க வேண்டாம் என்பது நோக்கம்.

கனரகத்தில் நடந்தது நேர்மாறு. 60 கிலோ ஆட்டக்காரர் ஏழாவது நிமிடத்திலும் துள்ளுவார். நூறு கிலோவுக்கு மேலே, நாலு நிமிடம் பிடிக்காகப் போராடி விரல்கள் மரத்துப்போன பிறகு, தூக்கி எறியும் முயற்சி ஒவ்வொன்றும் சூதாட்டம். முயற்சி பாதியில் நின்றால் அவ்வளவு எடையும் உங்கள்மேல் சரியும், அப்படியே தரையில் அமுக்கிவிடுவார்கள். அனுபவம் கூடக்கூட அந்தச் சூதைத் தவிர்க்கத்தான் மூளை சொல்லும். நடுவர் அதைச் சோம்பல் என்று எழுதிக்கொள்வார். இன்னொன்று, இந்தப் பிரிவுக்கு மேல் வரம்பு கிடையாது. 79 கிலோவும் இந்தப் பிரிவுதான், 130 கிலோவும் இந்தப் பிரிவுதான். மற்ற பிரிவுக்காரர்களைப் போல எடை குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டாம் என்பது மட்டும் இங்கே உள்ள சலுகை.

2018 பாகு உலக இறுதியில் ஜப்பானின் சாரா அசாஹினாவிடமும், 2019 உலக இறுதியில் 19 வயது அகிரா சோனேயிடமும் ஓர்டிஸ் தோற்றார். பின்னது நடந்தது டோக்கியோவின் நிப்பான் புடோக்கானில். ஒலிம்பிக்குக்கும் அதே அரங்குதான் குறித்திருந்தார்கள். பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஜூலை 30 அன்று, பார்வையாளர் இல்லாத அந்த அரங்கில், அரையிறுதியில் பிரான்ஸின் ரோமான் டிக்கோவைத் தாண்டி, 31 வயது ஓர்டிஸ் மறுபடியும் சோனேக்கு எதிரே வந்து நின்றார். சோனே முழங்கால் காயத்திலிருந்து மீண்டு வந்திருந்தார்.

4 நிமிடம் முடிந்தது. புள்ளி இல்லை. கோல்டன் ஸ்கோர் நீண்டது. இருவருமே களைத்திருந்தார்கள், ஆனால் பத்து வயது வித்தியாசம் மூச்சில் தெரியத்தானே செய்யும். கடைசியில் ஓர்டிஸுக்கு மூன்றாவது ஷிடோ விழுந்தது. சோனேக்குத் தங்கம். ஜப்பானியப் பெண் ஒருவர் இந்தப் பிரிவில் தங்கம் எடுத்தது ட்சுகாடாவின் 2004-க்குப் பிறகு அப்போதுதான். அன்று ட்சுகாடாவிடம் தோற்றதும் ஒரு கியூபப் பெண்தான்.

லண்டனில் எறியாமலே கிடைத்தது, டோக்கியோவில் எறியப்படாமலே போனது. இரண்டு இறுதிகளிலும் அவர் செய்தது கிட்டத்தட்ட ஒரே வேலை: பிடியைக் கட்டுப்படுத்து, விழாதே, எதிராளியைக் களைக்க வை. முதலாவதை நடுவர்கள் முயற்சி என்று படித்தார்கள், மற்றதை ஒதுங்கல் என்று படித்தார்கள். இதில் அநீதி என்று எதையும் சொல்ல வரவில்லை. டோக்கியோ விதி எல்லோருக்கும் தெரிந்த விதி, ஓர்டிஸுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் 'ஓர்டிஸ் ஏன் இரண்டாவது தங்கம் எடுக்கவில்லை' என்ற கேள்விக்கு, திறமை மங்கிவிட்டது என்று சொல்வதைவிட, அவருடைய திறமைக்கு விதிப்புத்தகம் போட்ட மதிப்பெண் மாறியது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கணக்கு எப்படி நிற்கிறது

வெண்கலம், தங்கம், வெள்ளி, வெள்ளி. ஒலிம்பிக்கில் நான்கு பதக்கம் என்ற எண்ணிக்கையில் அவர் துரூலிஸ் கொன்சாலெஸுக்குச் சமம். கொன்சாலெஸ் 1992 முதல் 2004 வரை எடுத்தது ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தபோது நானே ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். 1992 முதல் டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக். எட்டிலும் பெண்கள் கனரகத்தில் கியூபாவுக்கு ஒரு பதக்கம் உண்டு. எட்டையும் எடுத்தவர்கள் வெறும் மூன்று பேர்: எஸ்டெலா, பெல்ட்ரான், ஓர்டிஸ். கையிலிருந்து கைக்கு மாறிய தொடரோட்டக் கோல்போல. ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் தயாராக நின்றிருந்தார்.

பாரிஸில் கியூபாவின் கொடியை ஏந்திய இருவரில் ஒருவர் ஓர்டிஸ். மற்றவர் குத்துச்சண்டை வீரர் ஹூலியோ செசார் லா குரூஸ். துலிகாவை 28 நொடியில் தாண்டியபோது, பழைய கை இன்னும் வேலை செய்கிறது என்று தோன்றியிருக்கும். ஆனால் அவர் பதக்கம் வரை போகவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுச் சங்கிலி அன்று அறுந்தது. அதை நீட்டிப்பிடிக்க 34 வயதுப் பெண்ணையே மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது என்பதிலேயே செரோ பெலாதோவின் இன்றைய நிலை தெரிந்துவிடுகிறது.

அன்று மாலை அதே மெத்தையில் தங்கம் வென்றவர் பிரேசிலின் பியாட்ரிஸ் சோஸா. அரையிறுதியில் டிக்கோவைச் சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே சாய்த்தார், இறுதியில் இஸ்ரேலின் ராஸ் ஹெர்ஷ்கோவை வசா-ஆரியால் வென்றார். கூடுதல் நேரம் தேவைப்படவில்லை. பாரிஸில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். சாவ் பாவ்லோவின் பின்யேய்ரோஸ் கிளப்பில் சோஸாவுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் மரியா சுவெலன் அல்தெமன், இரண்டு உலக இறுதிகளில் ஓர்டிஸிடம் தோற்ற அதே அல்தெமன்.